வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

நான் கோபக்காரி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள். அபிராமத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பருப்பை அளந்து போட்டு, முட்டையை எண்ணி வைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டு நிறையச் சோறு போடுகிற வேலை. என் வீட்டுக்காரர் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். மனுசன் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

இதை எழுதச் சொன்னது மதுரை டாக்டரம்மா. "உங்களை மாதிரி இன்னொரு அம்மா எங்கயாவது முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்காக எழுதுங்க" என்றார். நான்கு வருடமாகத் தள்ளிப் போட்டேன். என் மகள் குப்பு இப்போது மூன்றாம் வகுப்பு. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்துகிறாள். ஆறாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஒரே இடத்தில் தப்பு விடுகிறாள். அதட்டத் தோன்றுகிறது, ஆனால் அதட்டவில்லை.

குப்புவுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாண்டி. ஒன்றேகால் வயதில் அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். எங்கள் பக்கம் காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சோறு கொடுக்கமாட்டோம். வயிறு காலியாக இருந்தால் காய்ச்சல் தானாக இறங்கிவிடும் என்று நம்புகிற ஊர். வெந்நீர் மட்டும் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியக்காலை தொட்டிலுக்குள் கையை விட்டேன். பிள்ளை சில்லென்று இருந்தான். நெற்றி மட்டும் வேர்த்திருந்தது.

மூன்று வருடம் கழித்து மாரி. இரண்டரை வயது. ஒரு நாள் முழுக்க வாந்தி. மறுநாள் விடியக்காலை, முதல் பஸ் வருவதற்கு முன்னால், அதே நேரம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதே மாதிரி நெற்றியில் வேர்வை. செத்த பிள்ளைக்கு எப்படி வேர்க்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, ராக்காயி அக்கா சொன்னாள்.

ராக்காயி அக்கா எங்கள் சத்துணவுக் கூடத்துச் சமையல்காரி. அடுத்த வீடு. இரண்டு தடவையும் என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவள் அவள்தான். "ரெண்டு பிள்ளை மொகமும் ஒண்ணு போல இருந்துச்சு தாயி. யாரோ கூப்பிட்டு எந்திரிச்சுப் போனாப்புல" என்றாள். ஊரும் அதையே சொன்னது. என் வீட்டு வாசலில் ஏதோ நிற்கிறதாம், விடிகிற நேரத்தில் உள்ளே வருகிறதாம். விடியக்காலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற பெண்கள் தெருவின் எதிர்ப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பிறந்ததும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தினோம். ராக்காயி அக்கா கண்டெடுத்த மாதிரி எடுத்தாள். நான் அவளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்கு வாங்கினேன். குப்பம்மாள் என்று பேர் வைத்தோம். யார் தேடி வந்தாலும் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது, குப்பை, எடுத்துப் போக லாயக்கில்லை என்று காட்டத்தான் இவ்வளவும். பின்னாளில் மதுரை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

குப்பு சோர்ந்த பிள்ளை. நாலு எட்டு நடந்தால் தூக்கச் சொல்வாள். ஆனால் மணிக்கொரு தரம் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு நான்கு வயது முடிந்த சமயம், தூக்கத்தில் தண்ணீரை அளைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். விடிவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. விளக்கைப் போட்டேன்.

அடுப்படியில் பழைய சோற்றுப் பானைக்கு முன்னால் குப்பு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை பானைக்குள். அள்ளி அள்ளி வாயில் அடைத்து, மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு முழுக்க வேர்வை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் என் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் யாரென்பது இல்லை. காலையில் கேட்டால் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டு நாள் விட்டு மறுபடியும். என் வீட்டுக்காரர் பானையை உறியில் தூக்கிக் கட்டினார். அன்று விடியக்காலை குப்பு உறிக்குக் கீழே, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ. தொட்டதும் துணி போலச் சரிந்தாள். வாயைத் திறந்து கருப்பட்டித் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் "ஆத்தா" என்றாள்.

அன்றைக்கே கமுதிப் பக்கமிருந்து குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கையை அடித்து அடித்து, கண்ணைச் செருகிக்கொண்டு அவன் சொன்னான். "பானைக்குள்ள கைய விடுறது உன் பிள்ளை இல்ல. முன்ன போனது ரெண்டும் பசியோட நிக்குது. ராமேஸ்வரம் போ. அமாவாசைக்குக் கடல்ல பிண்டம் கரைச்சு அதுக பசிய ஆத்து. மொத நாள் பொழுது சாஞ்சதுல இருந்து பச்சத் தண்ணியத் தவிர எதையும் தொடக் கூடாது. வெறும் வயித்தோட தலை முழுகணும். பிள்ளையும்தான். பிள்ளைதான் முக்கியம்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். இதையெல்லாம் நம்பினாயா என்று கேட்பீர்கள். இரண்டைப் பறிகொடுத்துவிட்டு வந்து கேளுங்கள்.

சுனாமி வந்து போன மறுவருடம் அது. கடல் என்றாலே எங்கள் ஊரில் ஆளுக்கொரு பயம். பரமக்குடியில் ரயில் ஏறினோம். முறுக்கு விற்கிறவனைப் பார்த்துக் குப்பு அழுதாள். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து, "அய்யா, தரை எங்க போச்சு?" என்று அப்பாவைக் கேட்டாள். சத்திரத்தில் வெகுநேரம் சிணுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அழுகை நின்றது. நல்ல பிள்ளை என்று நினைத்து நான் தூங்கிப் போனேன். அவளுக்கு அழத் தெம்பில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

காலையில் அக்னி தீர்த்தக் கரையில் நல்ல கூட்டம். கரையில் டீ விற்ற அம்மா குப்புவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏம்மா, பிள்ளை மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. ஒரு பன்னு வாங்கிக் குடு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன்.

பிண்டம் வைத்துக் கொடுத்த அய்யரும், சின்னக் குழந்தைக்கு விரதம் கிடையாது, ஏதாவது கொடுங்கள் என்றுதான் சொன்னார். அவரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குக் கோடாங்கி சொன்னதுதான் சட்டம்.

அங்கே கடல் அலையில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டேன். மூன்றாவது முழுக்கில் எழுந்தபோது குப்பு என் தோளுக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அங்கன யாரு?"

"எங்க?"

"தண்ணிக்குள்ள. ரெண்டு பேரு நிக்கிறாக."

திரும்பினேன். அவள் காட்டிய பக்கத்தில் ஆளே இல்லை. குளிக்கிற கூட்டமெல்லாம் கரையோரமாகத்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் இருந்ததை நாங்கள் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "சின்னப் பிள்ளையா?" என்று கேட்டேன். அவள் தலை பின்னால் சாய்ந்தது, கண் மேலே செருகியது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"சாமி வந்துருச்சு! பிள்ளை மேல சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஈரச் சேலையோடு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி நெற்றியில் திருநீற்றை அப்பினாள். இன்னொருத்தி கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, எம் மகனுக்கு இந்த வருசமாச்சும் வேலை கெடைக்குமா?" என்று குறி கேட்டாள். குப்புவின் வாய் கோணி அசைந்தது. "கெடைக்கும்னு சொல்லிட்டா" என்று அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் கும்பிட்டேன். எழுதக் கை கூசுகிறது. என் மகள் என் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தாள், நான் அவளைக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கழுத்தைத் தொட்டார். "இது சாமி இல்ல. பாண்டி இப்படித்தான் வேர்த்துக் கெடந்தான்" என்றார். பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். அந்த மனுசன் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தார். முகம் மாறியது. "பிள்ளை எப்ப சாப்பிட்டுச்சு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தா?" என்றார். ரத்தத்தில் சர்க்கரை ஒன்றுமே இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. ஊசி வழியாக குளுக்கோஸை ஏற்றினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. குப்பு கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆத்தா, ஏன் நனைஞ்சிருக்க?" என்றாள். கடல் முழுக்கு, கூட்டம், தண்ணீருக்குள் நின்ற இரண்டு பேர், எதுவும் அவளுக்கு நினைவில்லை.

அங்கிருந்து ராமநாதபுரம், இரண்டு நாள் கழித்து மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. எந்த நடைபாதையும் எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. டெஸ்டுக்குக் காத்திருக்கிற பெஞ்சுகளில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். பேர் கூப்பிட்டதும் ஒருத்தி எழுந்து உள்ளே போவாள். அவள் திரும்பி வருகிறாளா என்று மட்டும் எல்லோரும் கதவைப் பார்ப்போம். என் வீட்டுக்காரரை வாசல் காவல்காரன் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, "கையக் கழுவிட்டு வாய்யா" என்பான். அவர் கழுவிவிட்டுத்தான் வருவார். நகக்கண்ணில் இறங்கிய கரி போகாது என்று அவனுக்கு யார் சொல்வது? ராக்காயி அக்கா பஸ் மாறி மாறி வந்து, கருப்பட்டியும் இட்லியும் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சமைக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் என் வேலையையும் சேர்த்து அவள்தான் பார்த்தாள்.

வயிற்றை ஸ்கேன் எடுத்ததில் ஈரல் பெருத்திருப்பதாகச் சொன்னார்கள். நெஞ்சில் பசையைத் தடவி, எக்கோ என்று ஒன்று எடுத்தார்கள். இதயம் அசைவதைத் திரையில் காட்டுகிற டெஸ்ட். இருட்டு அறை. சாம்பல் நிறத்தில் ஒன்று மெதுவாக, சோம்பேறித்தனமாக ஊதிச் சுருங்கியது. "ஹார்ட் வீங்கியிருக்கு, பம்ப் பண்ண முடியல" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கப் பார்க்க அது நின்றுவிடும் போலிருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் நரம்பை விட்டு வெளியே இறங்கி, கை பூரி போல வீங்கிவிட்டது. ஊசியைக் கழற்றிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கட்டிலில் ஒரு அட்டையை மாட்டினாள். "ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க. காலைல இன்னொரு ஸ்கேன். வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் விரலை மடக்கி எண்ணினேன். காய்ச்சலுக்கு வெறும் வயிறு, பாண்டி போனான். வாந்திக்கு வெறும் வயிறு, மாரி போனாள். சாமிக்கு வெறும் வயிறு, கடலுக்குள் இவள் போகப் பார்த்தாள். சத்துணவுக் கூடத்தில் காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். மயங்கி விழும், தண்ணீர் தெளித்தால் எழுந்துகொள்ளும். இப்படி எந்தப் பிள்ளையும் கண்ணைச் செருகியதில்லை.

அட்டையைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். "குடுப்பேன்! ராத்திரி பூராக் குடுப்பேன்! ஒருத்தி கிட்ட வந்து பாருங்கடி!" வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் காவல்காரனைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "இந்தா பிள்ள, சும்மா இரு" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. கத்தல் கேட்டு ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். கண்ணாடி போட்ட, தூங்கிப் பல நாளான முகம்.

"என்னம்மா பிரச்சினை?"

"எம் பிள்ளை வெறும் வயித்தோட விடிஞ்சா செத்துரும்."

அவர் என்னை விரட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார். "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். பாண்டி, மாரி, பானை, உறி, கருப்பட்டித் தண்ணீர், கடல், எல்லாம் சொன்னேன். பானைக்குள் கையை விட்டு அள்ளியதைச் சொன்னபோது பேனாவை நிறுத்தி, "திரும்பச் சொல்லுங்க" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் எழுந்து போய், அவரே இன்னொரு கையில் நரம்பைத் தேடி குளுக்கோஸை மாட்டினார். காலை ஸ்கேன் வேண்டாம் என்று எழுதினார். கீழே கிடந்த அட்டையை எடுத்து என்னிடம் கொடுக்காமல் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காத்திருப்பு. ஒரு தடித்த காகிதத்தில் குப்புவின் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காய வைத்து, வெளிமாநிலத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை விடியக்காலையில் நான் அவள் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் வார்டுக் கதவின் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் எதிர்க் கட்டில் அம்மா, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டாள். "யாரும் வரக் கூடாதுன்னுதான் பாக்குறேன்" என்றேன். அவள் தன் பிள்ளையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் படுக்க வைத்தாள்.

முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன்.

சாப்பிட்ட சில மணி நேரம் உடம்பு சர்க்கரையை எரித்து ஓடுகிறது. ஈரலில் கொஞ்சம் இருப்பும் வைத்திருக்கும். அதுவும் தீர்ந்துபோனால் கொழுப்பை எரிக்க வேண்டும். உடம்பின் ஒவ்வொரு துளியிலும், கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள்ளே, அதற்குச் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. எங்கள் சத்துணவுக் கூடத்தில் விறகு கொல்லைப்புறம் அடுக்கிக் கிடக்கும், அடுப்பு உள்ளே இருக்கும். விறகு தானாக நடந்து வராது, ஒரு ஆள் சுமந்து வந்து போட வேண்டும். கொழுப்பைச் சுமந்துபோய் அந்த அடுப்புக்குள் சேர்க்கிற ஆளுக்குப் பேர் கார்னிடைன். ஒரு சுமையை இறக்கிவிட்டு அடுத்த சுமைக்குத் திரும்பி வருமாம்.

அந்த ஆளை உடம்பே கொஞ்சம் உண்டாக்கும், சாப்பாட்டிலும் கிடைக்கும். குப்புவின் உடம்பு அதைப் பிடித்து வைக்கத் தெரியாத உடம்பு. சிறுநீரகம் அதையெல்லாம் மூத்திரத்தில் விட்டுவிடுகிறது. செல்லுக்குள்ளும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் கொழுப்பு எரியாமல் ஈரலில் தேங்கி, ஈரல் பெருத்துவிட்டது. பட்டினி கிடக்கிற யார் மூத்திரத்திலும் கொழுப்பு எரிந்த அடையாளமாகக் கீட்டோன் என்று ஒன்று தெரியுமாம். ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் எடுத்த மூத்திர டெஸ்டில் இவளுக்கு அது இல்லவே இல்லை. இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் துடிக்கிறது. விறகு வந்து சேராததால்தான் அது வீங்கித் தளர்ந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின் சர்க்கரை விடிகிற நேரத்தில்தான் தீரும். அதனால்தான் எங்கள் வீட்டில் எல்லாம் அந்த நேரத்தில் நடந்தது. தூக்கத்தில் பானையைத் தேடிப் போனது பேய் இல்லை. உயிர் பிழைக்க உடம்பு தானாகத் தேடியிருக்கிறது. தண்ணீருக்குள் நின்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். சர்க்கரை இறங்கினால் மூளைக்கு என்னென்னவோ தோன்றும் என்றார். ஏன் இரண்டு பேர் என்று கேட்டேன். அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

"கறில நிறைய இருக்குற சத்துதான் இது" என்று அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கரியவா பிள்ளைக்குக் குடுக்கணும்?" என்று தன் கையைப் பார்த்தார். "அடுப்புக்கரி எங்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கே."

அத்தனை நாளில் அன்றைக்குத்தான் டாக்டரம்மா சிரித்தார். அவர் ஆட்டுக்கறியைத்தான் சொன்னாராம், ஆனால் கறி தின்று ஈடுகட்டுகிற ஓட்டை இல்லை இது, மருந்தாகவே ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும் என்றார். சிரப். ஒரு நாளைக்கு மூன்று வேளை. விலையைப் பற்றி எழுதினால் எனக்கு இன்னொரு கோபம் வரும், விட்டுவிடுகிறேன். அதோடு பிள்ளையை எந்தக் காரணத்துக்கும் பட்டினி போடக் கூடாது. ராத்திரி நடுவில் எழுப்பியாவது ஊட்ட வேண்டும். காய்ச்சல், வாந்தி என்று வந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்ற ஓட வேண்டும்.

நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார். "அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும். இப்ப நிச்சயமாச் சொல்ல வழியில்லம்மா." இந்தக் குறை என் ரத்தத்திலும் பாதி இருந்திருக்கிறது, என் வீட்டுக்காரர் ரத்தத்திலும் பாதி இருந்திருக்கிறது. ஒரே வேர் என்பதால் இரண்டு பாதியும் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பேய் எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ பேய் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பேய் என்றால் மண்ணை வாரித் தூற்றலாம், சாபம் விடலாம். இப்போது யாரைத் திட்டுவேன்?

சிரப் குடிக்க ஆரம்பித்துச் சில வாரங்களில் குப்பு வாசலிலிருந்து தெருமுனை வரை தானாக நடந்தாள். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் அந்தச் சாம்பல் நிறச் சங்கதி சுறுசுறுப்பாகத் துடித்தது. ஒரே ஒரு தொந்தரவு. அந்த மருந்து போகப் போக வேர்வையில் மீன் வாடை அடிக்கும். டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஊருக்கு யார் சொல்வது? வானம் பார்த்த பூமியில் மிளகாய் போடுகிற சனம், மீன் வாடை வாரச் சந்தையன்றுதான் மூக்குக்கு எட்டும். குப்புவைத் தூக்கிய பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்கள். ராமேஸ்வரத்துக் கடலில் முழுகியது ஒரு பிள்ளை, எழுந்து வந்தது வேறு பிள்ளை என்று பேச்சு கிளம்பியது. ராக்காயி அக்கா கூட ஒரு நாள் அவள் தலையைத் தடவிவிட்டுத் தன் விரலை மோந்து பார்த்தாள். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் யாருமில்லாதபோது அவளைக் கட்டிக்கொண்டு அந்த வாடையை மோந்து பார்ப்பேன். சில நேரம் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். அப்போது "குப்பு" என்று கூப்பிடுவேன். "என்ன ஆத்தா" என்பாள். அது போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நடந்த ஒன்றை மட்டும் டாக்டரம்மாவிடம் கூட நான் சொன்னதில்லை. அலாரம் வைத்து எழுந்து ரசம் ஊற்றிச் சோறு பிசைந்து குப்புவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதித் தூக்கத்தில் வாயை வாயைத் திறந்தாள். எனக்குத் திடீரென்று கை ஓடவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "என்ன பிள்ள?" என்றார்.

"மாரி அன்னைக்கு ராத்திரி சோறு கேட்டா மச்சான்" என்றேன். "ஆத்தா சோறுன்னா. வாந்தி எடுத்த வயிறு, விடிஞ்சதும் தாரேன், கண்ண மூடுடின்னு அதட்டிட்டேன். நீங்க தூங்கிட்டீக. உங்களுக்குத் தெரியாது."

அவர் குப்புவின் போர்வையை இழுத்துவிட்டார்.

"நான் தூங்கல" என்றார். "நீ அசந்த பெறகு எங்கிட்ட வந்தா. அய்யா சோறுன்னு சட்டையப் பிடிச்சு இழுத்தா. பானையத் தொறந்துட்டேன். ஒரு கை அள்ளிட்டேன். நீ முழிச்சுப் பாத்தாக் கத்துவியேன்னு திரும்பப் பானைக்குள்ளயே போட்டுட்டேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பு கண்ணை மூடியபடியே அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள். அவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தார்.